திண்டுக்கல் ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

அழுத்தி அடைக்கப்பட்ட வாயுவை நுண்துளை ஒன்றின் வழியே வெளியேறவிட்டால் அது குளிர்ந்துவிடுகிறது. ஜூல்-தாம்சன் விளைவு என்ற பெயரில் பட்ட வகுப்பு மாணவர்கள் படிக்கும் பாடம் இது. பாடநூல்கள் இதற்குக் காற்றைத் திரவமாக்கும் பொறியை எடுத்துக்காட்டாகக் கூறும். நான் சில ஆண்டுகளாக வேறோர் எடுத்துக்காட்டைக் கூறி வருகிறேன். பெண்களின் கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முன்னோடியாகத் தோன்றும் திசு மாற்றத்தை உறையவைத்து அழிக்கும் கருவியே அது. நைட்ரஸ் ஆக்சைடு நிரம்பிய உருளை, ஒரு குழாய், நாணய அளவேயான உலோக முனை ஆகிய மூன்றும் சேர்ந்ததே அக்கருவி. இதைச் சொல்லும்போதே, திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் செவிலியர்கள் இதைக் கையாண்டு உயிர்களைக் காத்த ஆய்வையும் சொல்லிவிடுவேன்.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்: "பரிசோதனை செய்யாம ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வச்சிருந்த ஊர்க்காரங்களுக்கு என்ன சார் ஆச்சு?"

அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. உலகம் பாராட்டிய ஓர் ஆய்வின் பலத்தையும் குறையையும் ஒருசேர நிறுத்துப் பார்க்கத் தூண்டியது அக்கேள்விதான். அப்படிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

ஆய்வு என்ன?

கருப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதன்று. எச்.பி.வி. எனப்படும் வைரஸின் சில வகைகள் நீண்டகாலம் தங்கிவிடும்போது அது உண்டாகிறது. இத்தொடர்பை நிலைநாட்டிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வைரஸ் தொற்றியது முதல் புற்று தோன்றும் வரை பெரும்பாலும் 10 முதல் 20 ஆண்டுகள் கழிகின்றன. இந்த நீண்ட இடைவெளியில் என்றேனும் ஒருநாள் பார்த்துவிட்டால் நோயை முளையிலேயே கிள்ளிவிடலாம். இருந்தும், 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணிப்பின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்நோய் வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். தடுக்கக்கூடிய நோயில் இத்தனை சாவு என்பதுதான் இப்பொருளின் அடிப்படை அவலம்.

செல்வ நாடுகள் இந்நோயைக் குறைத்தது 'பாப்' பரிசோதனையால். கருப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த செல்களை உருப்பெருக்கியின் கீழ் பார்க்கும் முறை அது. பாபனிகோலாவும் டிரவுட்டும் 1941-இல் வெளியிட்ட இம்முறையைக் கொண்டு பின்லாந்து 1960-களிலேயே நாடு தழுவிய திட்டத்தைத் தொடங்கியது. சாவுகள் பெருமளவு குறைந்தன. ஆனால் அம்முறைக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், பயிற்சி பெற்ற செல்லியல் வல்லுநர் வேண்டும், முடிவு வந்தபின் பெண் மறுபடியும் வர வேண்டும். நம் கிராமங்களில் இம்மூன்றுமே அரிது.

எனவே எளிய வழி ஒன்று தேடப்பட்டது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை இதற்காகக் கூடின. பணம் கேட்ஸ் அறக்கட்டளையிலிருந்து வந்தது. சங்கரநாராயணன், எஸ்மி, ராஜ்குமார் முதலியோர் நடத்திய இவ்வாய்வின் முடிவு 2007-இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 114 ஊராட்சித் தொகுதிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். மற்ற 57 தொகுதிகளில் இருந்த 30,958 பெண்களுக்கு, வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவ வசதி மட்டும் தொடர்ந்தது. 2000 முதல் 2003 வரை பரிசோதனைகள் நடந்தன. 2006 வரை இரு சாராரும் கண்காணிக்கப்பட்டனர்.

வெண்மையும் குளிர்ச்சியும்

பரிசோதனை மிக எளியது. 4 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் உள்ள அதே அமிலத்தை அதே செறிவில் பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் தடவுகிறார்கள். ஒரு நிமிடம் காத்திருந்து நல்ல வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் பார்க்கிறார்கள். மாறுபட்ட திசு இருந்தால் அவ்விடம் வெள்ளையாகத் தெரியும்.

ஏன் வெள்ளை? முட்டையின் வெண்கரு சுடும்போது வெளுப்பதை யாவரும் கண்டிருக்கிறோம். புரதம் திரைந்து, ஒளியைச் சிதறடிக்கிறது. அசெட்டிக் அமிலமும் செல்லிலுள்ள புரதத்தைச் சிறிது நேரம் திரையச் செய்கிறது. புற்றாக மாறத் தொடங்கிய செல்களின் உட்கரு பெரியது, நெருக்கமானது. ஆகவே அங்கே சிதறல் மிகுதி, வெண்மையும் மிகுதி. நல்ல திசுவோ இளஞ்சிவப்பாகவே நின்றுவிடுகிறது.

அடுத்தது குளிர்ச்சி. உருளையிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு உலோக முனையின் உட்புறத்தில் விரிவடைந்து குளிர்கிறது. இவ்வாயுவின் கொதிநிலை சுழிக்குக் கீழே சுமார் 89 டிகிரி. முனையைத் திசுவின்மேல் 3 நிமிடம் வைத்து உறையச் செய்து, 5 நிமிடம் உருகவிட்டு, மீண்டும் 3 நிமிடம் உறையவைப்பது வழக்கமான முறை. செல்லுக்குள் பனிப் படிகங்கள் தோன்றி அது அழிகிறது. மயக்க மருந்து வேண்டியதில்லை. திண்டுக்கல் ஆய்வில் பயிற்சி பெற்ற செவிலியர்களே பார்த்தனர். உருப்பெருக்கிக் கருவி வழியே உறுதி செய்தனர். தகுதியானவர்களுக்கு அதே வருகையில் இந்தக் குளிர்ச் சிகிச்சையும் தந்தனர். பெரிய திட்டுகளும் முற்றிய புற்றும் இருந்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர். பெண் திரும்பத் திரும்ப வரவேண்டிய தேவையைக் குறைத்ததே இத்திட்டத்தின் அறிவுக்கூர்மை எனலாம்.

எண்களைப் படிக்கும் முறை

இனி முடிவுக்கு வருவோம். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட தொகுதிகளில் 167 பெண்களுக்குப் புற்றுநோய் வந்தது; 83 பேர் இறந்தனர். ஒப்பீட்டுத் தொகுதிகளில் 158 பேருக்கு நோய். 92 பேர் இறந்தனர். இவ்வெண்களை மட்டும் பார்க்கும் ஒருவர், "167-க்கும் 158-க்கும் என்ன வேறுபாடு? பரிசோதனையால் நோய் கூடத்தானே செய்திருக்கிறது!" என்று கேட்கக்கூடும்.

தொகுதிகளின் எண்ணிக்கை சமம். பெண்களின் எண்ணிக்கை சமமன்று என்பதை அவர் மறந்துவிடுகிறார். எத்தனை பெண்களை எத்தனை ஆண்டுகள் கவனித்தோம் என்பதைப் பெருக்கிக் கிடைப்பது ஆள்-ஆண்டு. முதல் பிரிவில் 2,74,430 ஆள்-ஆண்டுகள், இரண்டாவதில் 1,78,781. வகுத்துப் பார்த்தால், ஓராண்டில் ஒரு லட்சம் பெண்களுக்கு நோய் முறையே 61, 88 என்று வருகிறது. சாவு 30, 51. வயது முதலிய வேறுபாடுகளைச் சரிசெய்தபின் ஆய்வாளர்கள் தந்த முடிவு: நோய் 25 விழுக்காடும் சாவு 35 விழுக்காடும் குறைந்தன.

அளவீட்டுக்குப் பிழை எல்லை எழுதாத மாணவனுக்கு ஆய்வுக்கூடத்தில் மதிப்பெண் கிடையாது. இங்கும் அது உண்டு. சாவுக்கான விகிதம் 0.65; அதன் 95 விழுக்காட்டு எல்லைகள் 0.47, 0.89. அதாவது உண்மையான குறைவு 11 விழுக்காடாகவும் இருக்கலாம். 53 ஆகவும் இருக்கலாம். குறையவே இல்லை என்பதற்கு வாய்ப்பு மிகச் சிறிது. "35 விழுக்காடு" என்ற ஒற்றை எண்ணை மட்டும் மேடைகளில் சொல்வது அரைகுறை அறிவியலே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேடத் தொடங்கியதும், அதுவரை மறைந்திருந்த புற்றுகளும் வெளிப்பட்டுக் கணக்கில் ஏறும். ஆகவே தொடக்கத்தில் எண்ணிக்கை கூடுவது இயல்பு. அப்படியிருந்தும் ஏழே ஆண்டுகளில் நோய் குறைந்திருப்பது உண்மையான சாதனை.

ஒப்பீட்டுத் தொகுதி வேண்டுமா?

மாணவியின் கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது. பரிசோதனை நல்லதென்றால் எல்லோருக்கும் செய்திருக்கலாமே? முப்பதாயிரம் பெண்களை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

அறிவியல் தரும் பதில் வலுவானது. 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் நடந்துவரும் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பாருங்கள். அந்நகரில் கருப்பை வாய்ப் புற்றுநோய், நாடு தழுவிய எவ்விதப் பரிசோதனைத் திட்டமும் இல்லாமலேயே, ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தது. மார்பகப் புற்றுநோய் அதை முந்திவிட்டது. திருமண வயது உயர்ந்தது, பிள்ளைப்பேறு குறைந்தது, கல்வியும் தூய்மையும் பெருகின. நோய் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு காலத்தில், "பரிசோதனைக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு" என்று ஒப்பிட்டால் இறக்கம் முழுவதையும் பரிசோதனையின் கணக்கில் எழுதிவிடுவோம். காய்ச்சல் தானே இறங்கும் நாளில் தாயத்துக் கட்டியவனுக்குப் புகழ் சேர்வது போலாகும் அது. அதே காலத்தில், அதே மாவட்டத்தில், பரிசோதனை இல்லாத ஊர்களையும் வைத்துப் பார்த்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

ஆனால் அறிவியலின் பதில் முடிகிற இடத்தில் அறத்தின் கேள்வி முடிந்துவிடுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஓர் இரும்புத் துண்டைச் சூடாக்காமல் ஒப்பீட்டுக்காக வைத்திருந்தால் அது வருந்தாது. இங்கே ஒப்பீட்டுக்காக இருந்தவர்கள் தாய்மார்கள். தோராயமாக ஒரு கணக்குப் போட்டேன். சாவு 35 விழுக்காடு குறையும் என்பது சரியானால், ஒப்பீட்டுத் தொகுதிகளில் இறந்த 92 பேரில் சுமார் 30 பேர் பரிசோதனை கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும். அந்த முப்பது பேர் யார் என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. அதனாலேயே அவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

இதே வினா பின்னர் உலக அளவிலும் எழுந்தது. திண்டுக்கல்லைத் தவிர மராட்டியத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்திலும் மும்பைக் குடிசைப் பகுதிகளிலும் இதே வகை ஆய்வுகள் அயல்நாட்டு நிதியால் நடந்தன. மூன்றிலும் சேர்த்துப் பரிசோதனையின்றி ஒப்பீட்டுக்கு இருந்த பெண்கள் 1,38,624 பேர். அவர்களில் இந்நோயால் இறந்தவர்கள் 254 பேர் என்று எடுத்துக்காட்டி, எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர் 2014-இல் இந்திய மருத்துவ அற இதழில் கடுமையாகக் குற்றஞ்சாட்டினார். பாப் பரிசோதனை பயன் தரும் என்பது அரை நூற்றாண்டாகத் தெரிந்திருக்க, ஒன்றுமே செய்யாத தொகுதியை வைத்தது தவறு என்பது அவர் வாதம். மும்பை ஆய்வில், ஒப்புதல் தந்த பெண்களுக்குப் போதிய விவரம் சொல்லப்படவில்லை என்று அமெரிக்க அரசின் ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகமும் கண்டது.

ஆய்வாளர் தரப்புக்கும் நியாயம் உண்டு. அந்நாளில் நாட்டில் பரிசோதனைத் திட்டமே கிடையாது; ஒப்பீட்டு ஊர்களுக்குக் கிடைத்தது, ஏனைய கோடிக்கணக்கான பெண்களுக்குக் கிடைத்ததே. பாப் முறையைக் கிராமங்களில் நடத்துவதற்கு ஆள்களும் இல்லை. வினிகர் முறை சாவைக் குறைக்குமா என்பது எவருக்கும் தெரியாது.

இருதரப்பையும் கேட்டபின் என் தீர்ப்பு இது: "வழக்கமாகக் கிடைப்பது" என்ற சொல்லே இங்கு சிக்கல். வழக்கமாகக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஏழை நாட்டின் ஒன்றுமில்லாமையை இயற்கை நிலை போல் எடுத்துக்கொண்டு அதன்மேல் ஆய்வைக் கட்டினால், ஏற்றத்தாழ்வே ஆய்வுக்கருவி ஆகிவிடுகிறது. லியோனில் இதே ஆய்வை இதே முறையில் நடத்தியிருக்க முடியாது. திண்டுக்கல் ஆய்வு தொடங்கிய அதே 2000-ஆம் ஆண்டில், எடின்பரோவில் திருத்தப்பெற்ற ஹெல்சிங்கி அறிவிப்பு, புதிய முறையை இப்போதுள்ள சிறந்த முறையோடு ஒப்பிட வேண்டும் என்றும், ஆய்வு முடிந்ததும் அதில் பயன் கண்ட முறை பங்குபெற்ற ஒவ்வொருவருக்கும் கிடைக்க உறுதி செய்ய வேண்டும் என்றும் கூறியது. ஒப்பீட்டு ஊர்களுக்கு எந்த ஆண்டில், யார் செலவில் பரிசோதனை வரும் என்பது முதல் நாளே திட்டத்தில் எழுதப்பட வேண்டும். எல்லா ஊர்களுக்கும் படிப்படியாக, குலுக்கல் வரிசையில் பரிசோதனை தரும் முறையும் உண்டு. அதில் காத்திருக்கும் ஊர்களே ஒப்பீட்டுக்கு உதவும். காத்திருப்புக்கு ஒரு முடிவும் இருக்கும்.

கண் என்னும் கருவி

இரண்டாவது குறை அறிவியல் சார்ந்தது. உஸ்மானாபாதில் 1,31,746 பெண்களை நான்கு பிரிவுகளாக்கி, வினிகர், பாப், எச்.பி.வி. மரபணுப் பரிசோதனை ஆகிய மூன்றையும் ஒருமுறை மட்டும் செய்து பார்த்தனர். 2009-இல் வெளிவந்த முடிவு வியப்பளித்தது. எச்.பி.வி. பரிசோதனை சாவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. வினிகர் பிரிவில் நம்பத்தக்க குறைவு இல்லை. எச்.பி.வி. இல்லை என்று வந்த பெண்களில் ஒருவர்கூட அக்காலத்தில் இந்நோயால் இறக்கவில்லை. மும்பையில் இரண்டாண்டுக்கு ஒருமுறை வினிகர் பரிசோதனை செய்ததில் சாவு 31 விழுக்காடு குறைந்தது.

ஒரே அமிலம், ஒரே வெண்மை. மூன்று இடங்களில் மூன்று விடை. ஏன்? இங்கே அளக்கும் கருவி மனிதக் கண். விளக்கின் ஒளி, பார்ப்பவரின் பயிற்சி, அன்றைய களைப்பு, அழற்சியால் வரும் வெண்மையைப் புற்று முன்னோடியிலிருந்து பிரித்தறியும் திறன் ஆகிய எல்லாமே விடையில் கலந்துவிடுகின்றன. அளவுகோலைத் திருத்தியமைக்காமல் எடுத்த அளவை இயற்பியலில் ஏற்பதில்லை. நேரடிக் கண்காணிப்பில் நன்கு பயிற்றப்பட்ட சில செவிலியர்கள் திண்டுக்கல்லில் பெற்ற வெற்றி, மாநிலம் முழுவதும் ஆயிரக்கணக்கான கண்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்வது அவசரமாகும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியில் எச்.பி.வி. பரிசோதனையையே முதல் முறையாகப் பரிந்துரைத்திருப்பதன் காரணமும் இதுவே.

ஓட்டைக் குடம்

மூன்றாவது குறையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அழைக்கப்பட்ட 49,311 பேரில் வந்தவர்கள் 31,343 பேர், நூற்றுக்கு 64. வராதவர்கள் 17,968 பேர். வந்தவர்களில் புற்று முன்னோடி கண்டறியப்பட்ட 1,874 பேரில் சிகிச்சைக்கு இசைந்தவர்கள் நூற்றுக்கு 72. எஞ்சிய ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர், தமக்குள் இருப்பது தெரிந்தும் சிகிச்சை பெறவில்லை.

ஒரு பொறியின் பல பகுதிகளின் திறனை ஒன்றோடொன்று பெருக்கினால்தான் மொத்தத் திறன் வரும். 0.64-ஐ 0.72-ஆல் பெருக்கினால் 0.46. வெண்மையைக் காணும் கண் ஒருபோதும் தவறாது என்று வைத்துக்கொண்டாலும், நூறு பெண்களில் 46 பேரிடமே பயன் போய்ச் சேர்கிறது. மேலைநாட்டு நிதி, அயராத களப்பணியாளர், வீடு வீடாக அழைப்பு எல்லாம் இருந்த இடத்தில் இந்நிலை என்றால், வெறும் அறிவிப்புப் பலகை மட்டும் உள்ள இடத்தில் என்னவாகும்?

விடை அரசின் கணக்கிலேயே உள்ளது. ஆய்வு முடிவு வெளிவந்த 2007-இலேயே தமிழக அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இப்பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரித்தது. ஆய்வு ஏட்டோடு நின்றுவிடாமல் அரசுத் திட்டமானது பாராட்டத்தக்கது. ஆனால் 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் இப்பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேரே. இந்தியா முழுமைக்கும் இரண்டுக்கும் குறைவு என்பதால் நாம் முன்னணியில் இருக்கிறோம் என்று மகிழலாம்; தொண்ணூறு பேர் எங்கே என்று வருந்தவும் செய்யலாம். 2030-க்குள் நூற்றுக்கு 70 பெண்கள் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது உலக இலக்கு.

வினிகர் சாவைக் குறைக்குமா என்ற கேள்விக்கு ஏழாண்டு உழைத்தோம். அந்தப் பெண் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு அதே அளவு உழைத்தோமா? முதல் கேள்விக்குப் பன்னாட்டு இதழில் இடமுண்டு. இரண்டாவது சாதாரணக் கேள்வியாகத் தோன்றுகிறது. உயிர் போவதோ இரண்டாவதில்.

நம் ஊர்களில்

அன்று அந்த மாணவியின் கேள்விக்குப் பின், ராஜபாளையத்து மாணவன் ஒருவன் சொன்னது இதுதான்: "எங்க ஏரியாவுல கேம்ப் போட்டாங்க சார். அம்மாவுக்கு அன்னிக்கு மில்லுல பகல் ஷிப்ட். லீவு போட்டா சம்பளம் போயிரும்னு போகல."

திண்டுக்கல் ஆய்வின் 17,968 என்ற எண் எனக்கு அன்றுதான் விளங்கியது. ராஜபாளையத்தைச் சுற்றி நூற்பாலைகள். பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணி மருத்துவமனைகளுக்குப் போகிறது. பிறர் புண்ணுக்குக் கட்டும் துணியில் உழைக்கும் பெண்கள், தம் உடம்பைக் காட்ட அரைநாள் ஒதுக்க முடியாமல் இருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே நிலைதான். கூலியோடு கூச்சமும் சேர்கிறது. "ஒண்ணும் இல்லாதப்ப எதுக்குப் போயி காட்டணும்?" என்பது நம் வீட்டுப் பெரியம்மாக்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒன்றும் இல்லாதபோது போவதற்குத்தான் இப்பரிசோதனை என்பதை அவர்களிடம் பொறுமையாகச் சொல்வார் இல்லை.

போகாமல் விட்டதன் விலை பெரிது. முற்றிய புற்றுக்குக் கதிர்வீச்சு என்றால், வாரம் ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஐந்து வாரம். அத்தகைய சிகிச்சைக்கு நம் பகுதியினர் காலங்காலமாக நாடுவது சுமார் 85 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையை. அரைநாள் கூலியைக் காப்பாற்றப் போய், அரையாண்டுக் கூலியை இழக்கிறது குடும்பம்; பல வேளை தாயையும்.

வழி இல்லாமலில்லை. எச்.பி.வி. பரிசோதனைக்கு வேண்டிய மாதிரியைப் பெண் தானே, தன் வீட்டிலேயே, மறைவாக எடுத்துத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ளது. கூச்சமும் ஷிப்டும் ஆகிய இரு தடைகளையும் ஒருசேர அகற்றக்கூடிய முறை இது. ஆலைவாயிலில் ஷிப்ட் மாறும் நேரத்தில் மாதிரியைப் பெற்றுக்கொள்ளலாம். நோய்க்குறி உள்ளவருக்குச் சிகிச்சை நாளன்று ஊதியத்தோடு விடுப்புத் தரலாம். இவ்விரண்டையும் எந்த ஊரில் எத்தனை பேர் ஏற்கிறார்கள் என்று அளப்பதற்குப் பெருநிதி வேண்டாம். பல்கலைக்கழகமும் கல்லூரியும் ஆரம்ப சுகாதார நிலையமும் கூடிச் செய்யலாம். விருதுநகரில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரிக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வுப்பொருள் உண்டோ?

இளையவர்களுக்கு வேறொரு வழியும் திறந்துள்ளது. அம்பிளிக்கை மையமும் பங்குகொண்ட தடுப்பூசி ஆய்வு ஒன்று, வேறிடத்தில் நடந்த தடுப்பூசித் திட்டம் பற்றிய சர்ச்சையால் 2010-இல் நடுவில் நிறுத்தப்பட்டது. அதனால் ஆயிரக்கணக்கான சிறுமியர் ஒரே ஒரு தவணை மட்டும் பெற்று நின்றனர். அவர்களை விட்டுவிடாமல் ஏறத்தாழப் பத்தாண்டு கண்காணித்தபோது, கொடிய இரு வைரஸ் வகைகளின் நிலைத்த தொற்றை ஒரு தவணையே வெகுவாகத் தடுப்பது 2021-இல் தெரியவந்தது. ஒரு தவணை போதும் என்ற முடிவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வந்ததற்கு இச்சான்றும் ஓர் அடிப்படை. கூட்டாய்வின் அருமை இதில் தெரிகிறது. திட்டம் குலைந்தபோதும் அச்சிறுமியரைப் பின்தொடர்ந்த பொறுப்புணர்வே அறிவைத் தந்தது. அதே பொறுப்புணர்வைத்தான் ஒப்பீட்டு ஊர்களின் பெண்களுக்கும் நாம் கேட்கிறோம்.

முடிவாக

திண்டுக்கல் ஆய்வு பெரும்பணி. வினிகரும் பஞ்சும் குளிர்முனையும் பயிற்சி பெற்ற செவிலியும் இருந்தால் கிராமத்துப் பெண்ணைச் சாவிலிருந்து மீட்கலாம் என்பதை ஊகமாக விடாமல் அளந்து காட்டியது அது. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகேடு. ஆனால் மூன்று செய்திகளை அடுத்த ஆய்வுகள் திருத்திக்கொள்ள வேண்டும். ஒப்பீட்டுக்கு நிற்பவருக்கு முடிவுநாள் குறித்த உறுதி வேண்டும். கண்ணை நம்பும் முறைக்கு இடைவிடாத தரச்சோதனை வேண்டும், அல்லது கண்ணை நம்பாத முறைக்கு மாற வேண்டும். வராத பெண்ணையும் ஆய்வுப்பொருளாக்க வேண்டும்.

அந்த மாணவிக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். "அவர்களில் 92 பேர் இறந்தார்கள், அம்மா. சுமார் முப்பது பேரைக் காத்திருக்கலாம். அவர்களால்தான் மற்றவர்களைக் காக்கும் வழி நமக்கு உறுதியாகத் தெரிந்தது. அது தெரிந்த பின்னும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரை நாம் விட்டுவைத்திருந்தால், நம் ஊரும் ஒப்பீட்டு ஊராகத்தான் இருக்கிறது."

இதைப் படிக்கும் வாசகர்களில் வீட்டில் முப்பது வயது கடந்த பெண் இல்லாதவர் எவரும் இரார். அடுத்த வாரம் அவருக்கு எந்த நாள் ஓய்வு என்று கேளுங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்று உடன் செல்லுங்கள்.